அம்மாவின் பி பக்கம்

வெயிலில் காய்ந்த பேட்டரிக்கு ஒரு வாசனை உண்டு, இரும்பும் புளிப்பும் கலந்து நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துகொள்ளும் வாசனை. எண்பதுகளின் கடைசியில், மரக்காணத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், வற்றலுக்குப் பக்கத்தில் நான்கு பேட்டரிகள் எப்போதும் வரிசையாகப் படுத்துக் கிடக்கும். ஓய்ந்துபோன பேட்டரிக்கு வெயில் பட்டால் இன்னும் அரைமணி நேரம் உயிர் வரும் என்று அம்மா நம்பினாள். அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அத்தா, எங்கள் அப்பா, அப்போது துபாயில் வேலையில் இருந்தார். கடிதத்தில் எழுதினால் பாதிதான் போய்ச் சேரும் என்று எங்கள் பக்கத்தில் பலரும் கேசட்டில் பேசி, லீவு முடிந்து திரும்பிப் போகிற ஆள் யாராவது கிடைத்தால் கையில் கொடுத்தனுப்புவார்கள். அத்தா வாங்கித் தந்துவிட்டுப் போன ‘டூ இன் ஒன்’ ரேடியோ டேப் செட்டு அதற்காகவே எங்கள் வீட்டில் இருந்தது. கேசட்டின் ஏ பக்கம் குடும்பத்துக்கு: சலாம், நலம், யாருக்கு எங்கே கல்யாணம், நான் ஓதிக் காட்டும் ஒரு சூரா, நாலு வயதுத் தங்கை நசீமா மூச்சு விடாமல் சொல்லும் அவளுடைய புகார்கள். பி பக்கம் அம்மாவுக்கு மட்டும்.

பள்ளிக்கூட நாட்களில் நோட்டு நோட்டாக எழுதியவள் அம்மா. கல்யாணத்தோடு மூடி வைத்த பேனாவை அந்த வருஷம்தான் திறந்தாள். அத்தாவின் அடுத்த லீவுக்குள் ஊரைச் சுற்றி மாதம் ஓர் இடம், அதைப் பற்றிச் சொல்ல இடத்துக்கு ஒரு பி பக்கம் என்று அவளே திட்டம் வகுத்துக்கொண்டாள். நசீமாவுக்குத் தலை வாரிவிட்டு ஒரு வரி, குழம்பை இறக்கி வைத்துவிட்டு ஒரு வரி என்று என் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எழுதுவாள். எழுதியது போதாது, அந்த இடத்தில் நின்று அதன் சத்தத்தோடு பேச வேண்டும் என்பாள். எங்களை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நாங்களும் போனோம். கழுவெளி ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று மார்கழிப் பறவைகளைப் பதிவு செய்தோம். அனுமந்தைக் கடற்கரையில் வலை இழுக்கிறவர்களின் மூச்சைப் பதிவு செய்தோம். கீழ்புத்துப்பட்டில் பஸ்ஸைத் தவறவிட்டு, மணல் காலைச் சுட, சவுக்குத் தோப்பு நிழலைத் தேடித் தேடி நடந்தோம். மற்றப் பிள்ளைகளுக்குத் தாய்மார் ஊட்டிவிட்ட வயதில் எங்களுக்கு எங்கள் அம்மா வழி காட்டிக்கொண்டிருந்தாள், தானும் வழி தெரியாமல்.

பக்கத்து வீட்டில் இருந்த பெரியத்தாவுக்கு, அத்தாவின் அண்ணனுக்கு, இது பிடிக்கவில்லை. தன் வீட்டுக் கேசட்டில் தம்பிக்குச் சொல்லியனுப்பிவிட்டார். அத்தாவின் பதில் கேசட் மாசியில் வந்தது. “போறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா புள்ளைங்களுக்கு ஒரு சின்னக் கொறை வந்தாலும் எல்லாத்தையும் நிறுத்திடணும். அதுக்கப்பறம் ஏ பக்கம் மட்டும் போதும்.” அம்மா அந்த இடத்தை இரண்டு முறை ஓட்டிக் கேட்டாள். பிறகு எழுந்துபோய் அரிசி களைந்தாள்.

பங்குனியில் உப்பளத்துக்குப் போனோம். பொழுது ஏறிக்கொண்டிருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த கன்னியம்மாள் நீளக் கழி வைத்த வாருபலகையை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

“ஏம்மா, உப்பு என்னா பாட்டா பாடுது, டேப்பு எடுக்க வந்துட்ட?”

“நீ கொஞ்சம் பேசாம இருந்தா பாடும்.”

“பொல்லாத பொம்பள. பெரிய வாய்க்கா பக்கம் போவாத, சேறு உள்ள இழுத்துடும். அந்த சின்னக்குட்டிய கையில புடி.”

நசீமாவின் கை என் கையில்தான் இருந்தது. அது என் வேலை, ஒவ்வொரு பயணத்திலும். அம்மா செட்டைத் தோளில் வாரால் மாட்டிக்கொண்டு, நோட்டைப் பார்க்காமலே பேசத் தொடங்கினாள். எனக்குப் பத்து வயது. எல்லாக் கேசட்டிலும் ஏ பக்கத்துப் பிள்ளையாகவே இருந்து சலித்திருந்தேன். நானும் பி பக்கத்தில் பேச வேண்டும். அம்மாவை நெருங்கி, மைக்கை எட்டுவதற்காக எம்பினேன். எம்புவதற்காகக் கையை விட்டேன்.

அடுத்து நான் பார்த்தது, உப்புநீர் தேக்கியிருந்த பெரிய வாய்க்காலில் நசீமாவின் ரிப்பன் மட்டும்.

அம்மா செட்டோடு உள்ளே விழுந்தாள். கன்னியம்மாள் பலகையை நீட்டி இருவரையும் இழுத்துப் போட்டாள். நசீமா கண்ணைத் திறக்க முடியாமல் அலறினாள். அந்த அலறல்தான் எங்களுக்கு உயிர் கொடுத்தது. குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர் முழுவதையும் கன்னியம்மாள் அவள் கண்ணில் ஊற்றினாள். இரண்டு நாள் கண் சிவந்திருந்தது, பிறகு தெளிந்தது. செட்டு போனது போனதுதான். கேசட்டை அம்மா நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பென்சிலால் சுற்றினாள்.

மறைத்திருக்கலாம். அந்தக் கேசட்டைத் தூக்கிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அம்மா எதிர்வீட்டில் ஒரு செட்டை இரவல் வாங்கி, அறுந்து நின்ற இடத்துக்குப் பின்னாலேயே பேசினாள். “ஏங்க, சின்னவ தண்ணியில விழுந்துட்டா. இப்ப நல்லா இருக்குறா. என் கவனம் தப்பிடுச்சு. பெரியவ மேல தப்பு இல்ல.” நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கை விட்ட கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பல வருஷங்களுக்கு.

பதில் வர வைகாசி ஆயிற்று. அதுவரை அம்மா நோட்டைத் தொடவில்லை. கேசட்டில் முதலில் மின்விசிறி ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு அத்தா. “செட்டு போனா போவுது. கண்ணு நல்லா இருக்குல்ல, டாக்டர்கிட்ட காட்டினியா?” மறுபடியும் மின்விசிறி. நாங்கள் மூவரும் தீர்ப்புக்குக் காத்திருந்தோம். “நீ உப்பப் பத்தி என்னமோ சொல்லிட்டு வந்த. காலையில ஒரு வெள்ளை, வெயில் ஏறினா ஒரு வெள்ளைன்னு. ‘இப்ப’ன்னு சொல்லி நிறுத்திட்ட. ரூம்ல இருக்குறவங்க எல்லாருமே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தோம். இப்ப என்னா வெள்ளைன்னு போய்ப் பாத்து சொல்லு.”

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நசீமா சொன்னாள், இல்லை என்று நான் சொன்னேன். அந்த மாதமே மறுபடி போனோம். இம்முறை அம்மா வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் தன் துப்பட்டியைக் கிழித்து என் மணிக்கட்டையும் நசீமாவின் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். இரவல் செட்டில் சொன்னாள்: “இப்ப கண்ணு கூசுற வெள்ளைங்க. பாக்க முடியல. ரெண்டு புள்ளைங்களையும் புடிச்சிக்கிட்டு கண்ண மூடிக்கிட்டு சொல்றேன்.”

அந்தக் கேசட்டுகளையெல்லாம் அத்தா தன் பெட்டியில் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். பங்குனிக் கேசட்டை மட்டும் யாரும் போட்டுக் கேட்கவில்லை. சில வருஷங்களுக்கு முன், புதுச்சேரியில் ஒரு கடையில் அவற்றைக் கணினியில் ஏற்றக் கொடுத்தபோது, கடைக்காரர் சரிபார்க்கச் சொல்லி என் காதில் ஹெட்போனை மாட்டினார். அம்மாவின் இளங்குரல். காற்று. என் குரல், மிக அருகில்: “நானும் பேசறேம்மா.” பிறகு அம்மா, “இப்ப...” என்று நிறுத்துகிறாள். அதற்குப் பிறகு வாரின் வளையம் கடகடக்க ஓடும் காலடி. அதற்கும் பிறகுதான் சின்னதாக ஒரு தண்ணீர்ச் சத்தம், உடனே பெரிதாக இன்னொன்று, அத்தோடு பதிவு அறுகிறது.

மூன்று முறை ஓட்டிக் கேட்டேன். காலடி முதலில், தண்ணீர் பிறகு. நசீமா விழுவதற்கு முன்பே அம்மா ஓடத் தொடங்கியிருந்தாள். உப்பின் நிறத்துக்குச் சொல் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவளுடைய ஒரு கண் எங்கள் கைகளின் மேல் இருந்திருக்கிறது. அவள் கவனம் தப்பவே இல்லை. நான் கையை விட்டதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

இன்று கேசட் கொண்டுபோகிற ஆட்கள் இல்லை, மாடியில் பேட்டரி காய்வதுமில்லை. உப்பளத்தில் அன்று நாங்கள் நின்ற வரப்பைத் தேடிப் போனபோது பாத்திகளையே மாற்றிக் கட்டியிருந்தார்கள். அம்மா என்னோடு இருக்கிறாள். காது மந்தம், அந்தப் பதிவை அவளுக்குக் கேட்கவைக்க முடியவில்லை. கேட்டதையும், நான் கையை விட்டதையும் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, “அது அப்பவே தெரியும்டி,” என்று காகிதத்தைத் திருப்பித் தந்தாள்.

இதை எழுதும்போது என் மகன் மாடிப்படியில் தனியாக இறங்குகிற சத்தம் கேட்கிறது. நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஐந்து படி, ஆறு, ஏழாவது படிக்கு இன்னும் கால் வரவில்லை. இப்ப...