எதிர்ச்சரிவில் தெரிந்த புகை

வாழ்நாளில் நான் பிசகில்லாமல் நடத்திய தர்க்கம் ஒன்றே ஒன்றுதான். அப்போது எனக்கு எட்டு வயது. முடிவு முழுத் தப்பு. அதற்குப் பிறகு தர்க்க நூல்களை விலைகொடுத்து வாங்கிப் படித்தும் அந்த எட்டு வயதுப் பையனை என்னால் மிஞ்ச முடியவில்லை.

பீர்மேட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்பா கங்காணி. அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு வாந்திபேதி கண்டது. என்னை எதிர்ச்சரிவு லயத்துக் கூலி வீட்டு வரிசையில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோய் கண்ட லயத்துக்கு யாரும் போகக்கூடாதென்று துரையின் உத்தரவு. மஞ்சு விலகும் நேரம் பார்த்து வாசல் கல்லில் உட்கார்ந்து, பள்ளத்துக்கு அப்பால் எங்கள் கூரையைப் பார்ப்பதே என் வேலை. தினமும் காலையில் புகை எழும். அப்பா கஞ்சித்தண்ணி காய்ச்சுகிறார் என்று அர்த்தம்.

எனக்கு ஒரு விதி தெரியும். சாவு விழுந்தால் அந்த வீட்டிலும் நெருங்கிய சொந்தத்திலும் அன்று அடுப்பு மூட்டமாட்டார்கள். அந்த வருஷம் விழுந்த சாவுகளில் பிள்ளைகள் நாங்கள் இதை நன்றாகவே கற்றிருந்தோம்.

ஒரு காலை, வழக்கத்தைவிடக் கனத்த புகை. அந்தக் குளிரில் அத்தை கொடுத்த பழைய கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு அறிவித்தேன்.

“சாவு வீட்ல அடுப்பு எரியாதுல்லா அத்தை? எங்க வீட்ல பொகையுது பாருங்க. அப்பம் அம்மா சாகல.”

அத்தை என் பக்கம் திரும்பாமலே, “கஞ்சியக் குடில” என்றாள்.

நான் விடவில்லை. இவ்வளவு புகை என்றால் சோறே வடிக்கிறார்கள், அம்மா பசிக்கிறது என்று கேட்டிருப்பாள் என்று தர்க்கத்தில் மேலும் இரண்டு படி ஏறினேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் புத்தியை மெச்சித்தான் என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம், இனிப் போகலாம் என்று உத்தரவு வந்தது. அதுவும் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டேன். அத்தை வீட்டு மாமா என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சாம்பல் குவியல். அதில் எரியாமல் கிடந்தது அம்மாவின் கம்பளியின் சிவப்புக் கரை. பேதியில் போனவர்களின் பாய் படுக்கையை அன்றே எரித்துவிட வேண்டும் என்பது துரையின் இன்னொரு உத்தரவு. அம்மாவை அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்தும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

விதியிலிருந்து இறங்கி முடிவுக்கு வருவது ஒன்று. நித்தம் கண்டதைக் கூட்டி விதி பண்ணிக்கொள்வது வேறு. அடுப்பு விதியை அன்றைக்கு யாரும் மீறவில்லை. கூரைக்கு மேல் புகை என்றால் அடியில் அடுப்பு என்பதுதான் பல காலைகள் பார்த்து நானாகப் பண்ணிக்கொண்டது. அடுத்த ஒரு காலைக்கு அது தாங்கவில்லை. இந்த வித்தியாசம் புரிய எனக்குப் பாதி ஆயுசு ஆயிற்று. புரிந்ததால் யாரும் திரும்பி வரவில்லை.

வயதாகிவிட்ட அத்தையிடம் ஒருமுறை இதையெல்லாம் விஸ்தாரமாக விளக்கினேன். பாக்கு இடித்துக்கொண்டே கேட்டாள்.

“அம்புட்டுத் தூரத்துப் பொகையப் பாத்தியே. நீ குடிச்ச கஞ்சி பச்சத்தண்ணியா இருந்துச்சே, எங்க வீட்ல ஏன் அடுப்பு எரியலன்னு கேட்டியால?”