பதினாலாம் நம்பர் செய்த விமானம்

இருங்காட்டுக்கோட்டையில், காருக்கு சீட் மாட்டும் லைனில், இசக்கிதுரைக்கு ஆறு வருஷமாக ஒரே பெயர்தான்: பதினாலு. அவன் நிற்கும் ஸ்டேஷனின் நம்பர் அது. நாங்குநேரிப் பக்கத்தில் பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்து அட்டையில் கொட்டை எழுத்தில் தொங்கத்தான் செய்தது. ஆனால் சூப்பர்வைசர் புருஷோத்தமன் பெரிய மனிதர். போல்ட்டைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். அட்டையைப் படிக்க அவருக்கு ஏது நேரம்? “டேய் பதினாலு, இன்னா தூங்கிகினு கீறியா?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வருஷத்துக்கு இரண்டு கான்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்குவார்கள். யார் யார் என்று எழுதித் தருவது இதே புருஷோத்தமன்தான். இதுவரை வந்த ஐந்து பட்டியலிலும் இசக்கிதுரை இல்லை. வருகிற ஜூனோடு கான்ட்ராக்ட் முடிகிறது. இந்தத் தடவையும் விட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த நிலைமையில் புத்தியுள்ளவன் சூப்பர்வைசர் வீட்டுக்குப் பலாப்பழம் தூக்கிக்கொண்டு போவான். நம் ஆள் போர் விமானம் செய்யப் போனான்.

கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். அசல் விமானத்தின் வயிற்றை அண்ணாந்து பார்த்ததோடு சரி. இந்த வட்டாரத்துக் கம்பெனி ஆட்கள் நாற்பது பேர் வாட்ஸ்அப் குழு வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வானத்தில் சண்டை போட்டார்கள். எல்லாருக்கும் வீரப் பட்டங்கள். ‘ஸ்கை டைகர்’ என்று ஒருவர் தினமும் புலம்புவார்: “பிளேனா இது? எருமை. வேகம் புடிக்கறதுக்குள்ள நான் செத்துடறேன்.” இசக்கிதுரை மட்டும் சொந்தப் பெயரில் இருந்தான். ஓரிடத்திலாவது அது புழங்கட்டுமே என்ற ஆசை.

விமானத்தின் குணமெல்லாம் ஒரு ஃபைலில் எண்களாக இருக்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து, ரூமில் மூன்று பேர் குறட்டை விடும் மத்தியானத்தில், பழைய லேப்டாப்பில் அதைத் திறந்தான். முதலில் இன்ஜினின் உந்துவிசையை ஏற்றினான். விமானம் சீறியது. ஆனால் உச்ச வேகமும் சேர்ந்து ஏறிவிட, எதிரியைச் சுடுவதற்குள் அவனைத் தாண்டி அடுத்த ஜில்லாவுக்குப் போய்விட்டது. அதை விட்டுவிட்டு எடையைக் குறைத்தான். இப்போது இறங்கச் சொன்னால் இறங்காமல் காற்றாடி மாதிரி மிதந்தது.

“ஏல, அந்தச் சத்தத்த நிப்பாட்டு. கனவுல குண்டு விழுது” என்றான் ரூம்காரன் சுடலை, கண்ணைத் திறக்காமலே.

பிறகுதான் லைனில் செய்வதையே இங்கேயும் செய்தான். ஒரு தடவைக்கு ஓர் எண்ணை மட்டும் மாற்றினான், நேரம் பிடித்தான், எழுதி வைத்தான். எடை பழையபடி, உந்துவிசை கூடுதல், அதிவேகத்தில் மட்டும் காற்றின் இழுவையும் கூடுதல். முந்நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து அறுநூறுக்குப் போக இருபத்தெட்டு செகண்டு எடுத்த எருமை, பத்தொன்பதில் போனது. உச்ச வேகம் அசையவில்லை. பதினொரு நாள் தூக்கத்தைத் தின்ற வேலை. ‘செய்தவர்: இசக்கிதுரை’ என்று எழுதிக் குழுவில் போட்டான்.

அடுத்த வாரம் கேன்டீனில் புருஷோத்தமன் பக்கத்து லைன் சூப்பர்வைசரிடம் போனை நீட்டிக்கொண்டிருந்தார். “நான் கேட்டா மாரியே பண்ணிக்கீறான் பாரு. யாரோ இசக்கிதுரையாம். பெங்களூர்ல படிச்சிட்டு வந்த பெரிய இன்ஜினியரா இருப்பான். எதிர்ல வந்தான்னா கால்லயே வுழுந்துருவேன்.”

ஸ்கை டைகர் யார் என்று இசக்கிதுரைக்கு அப்போதுதான் தெரிந்தது. தட்டோடு அவர் எதிரே போய் நின்றான். இதை விட்டால் வேறு நேரம் வராது.

“ஸார், அது நாந்தான் ஸார்.” அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதைப் படித்தார். காலில் விழவில்லை, நடுவில் சாம்பார் வாளி இருந்தது காரணமாக இருக்கலாம். ஆனால் கட்டிப் பிடித்தார், “துரை தம்பி” என்றார், தன் பக்கத்திலேயே உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார். இசக்கிதுரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கே ஊருக்கு போன் போட்டு, “யம்மா, இந்த வாட்டி பெர்மனென்ட் ஆயிரும்” என்று சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பட்டியலை ஒட்டினார்கள். ஒன்பதாம் ஸ்டேஷன்காரன் பெயர் இருந்தது. இருபதாம் ஸ்டேஷன் பாண்டிச்செல்வி பெயர் இருந்தது. மூன்றாவது பெயருக்கு அதில் இடமே கிடையாது. இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்துவிட்டு, நேராக அவரிடம் போனான்.

“ஸார், எம் பேரு இல்லியே?”

“அத்த ஏன் கேக்கற துரை தம்பி!” புருஷோத்தமன் முகமெல்லாம் பெருமை. “பதினாலு நல்லா வேலை செய்யறான்னு உன்னதான் மொத ஆளா எழுதி வெச்சிருந்தேன். அப்பாலதான் நீ யாருன்னு தெரிஞ்சிது. இவ்ளோ மூளைய வெச்சிகினு நீ இங்க போல்ட்டு முடுக்கறதா? மனசு கேக்கல. நானே என் கையால உன் பேர அடிச்சிட்டேன்.”

இசக்கிதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு அவன் தோளைத் தட்டினார்.

“அந்தப் பத்தொம்போது செகண்டுல இன்னும் ரெண்டு கொறைக்க முடியுமா பாரு தம்பி. ஜூனோட கெளம்பிடுவ இல்ல? அதுக்குள்ள முடிச்சிக் குடுத்துட்டுப் போ.”