சொல்லிவிடாத கேதம்

வீரசோழன் என்கிற ஊர்க்காரர் என்பதால் அவர் எங்களுக்கு வீரசோழன் மாமா; மிளகாய் வத்தல் வியாபாரி. முஸ்லிம்களை நாங்கள் மாமன் மச்சான் முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். திருச்சுழிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வத்தல் எடுக்க வருவார். லோடை அனுப்பிவிட்டு, கடைசி பஸ் வரைக்கும் அப்பாவோடு வாதாடிக்கொண்டிருப்பார்.

"நோகுற மாதிரி ஒண்ணு கேக்கவா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டுதான் எதையும் ஆரம்பிப்பார்கள். "இன்னைக்கு வேணாம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சு வத்தல் விலைக்குப் போய்விடும். பெரும்பாலும் "கேளு" என்றுதான் பதில் வரும்.

"கல்லுக்குப் பால ஊத்துனா மழை பேஞ்சிருமா மச்சான்?"

"அஞ்சு வேளையும் நீ கேட்டியே, ஒங்க ஊர்ல மட்டும் பேஞ்சிருச்சாக்கும்?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கட்சி விஷயத்திலும் இப்படித்தான். காபி போட்டுப் போட்டு எனக்குத்தான் கை ஓய்ந்துபோகும்.

போன தேர்தல் சமயம், டிவியில் எங்கோ நடந்த கலவரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா அன்று "நோகுற மாதிரி ஒண்ணு கேக்கவா" என்று கேட்டுக்கொள்ளவில்லை. "ஒங்க ஆளுகளே இப்படித்தான்" என்று சட்டென்று சொல்லிவிட்டார்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் ஒன் ஆளு இல்லையா மச்சான்?"

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு போன் போடுங்கள் என்று அப்பாவிடம் நான் கத்தாத நாளில்லை. மனதுக்குள் அழுவார், வெளியே வீம்பு பிடிப்பார். இந்த ஆம்பிளைகளின் வீம்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலையில் மாமாவின் மகன் வைத்திருந்த ஸ்டேட்டஸை போனில் பார்த்தேன். மாமா இறந்துவிட்டார். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

அப்பா குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். ஆனால் கிளம்பவில்லை. எங்களில் ஒரு சாவு விழுந்தால், அந்தக் கேதத்துக்கு வீடு வீடாக ஆள் விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள்.

"போங்கப்பா" என்றேன்.

"ஆள் விடலையேம்மா. சொல்லிவிடாத கேதத்துக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?"

சாயங்காலம்தான் சட்டையைக் கழற்றினார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுவாரம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மாமாவின் மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதான்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலையேப்பா" என்றார் அப்பா.

அவன் திகைத்துப்போனான். "பள்ளிவாசல் மைக்குல சொல்லிருவோம், தெரிஞ்சவுக எல்லாரும் வந்துருவாக மாமா. தனியா ஆள் விடுற வழக்கம் எங்களுக்கு இல்லையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அந்த ஊரில் யார் இறந்தாலும் மாமாவேதான் போன் போட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார். சொல்கிற ஆளே இப்போது போய்விட்டார்.

துக்க நாட்களில் வெளி ஆம்பிளைகள் முன்னால் வராத மாமி, உள்வாசல் திரைக்குப் பின்னால் இருந்து பேசினார். "மய்யித்த எடுக்கச் சொல்லி எல்லாரும் அவசரப்படுத்துனாக அண்ணே. நாந்தேன் மொகத்த மூடவிடல. எங்க ஆளு ஒருத்தர் திருச்சுழிப் பக்கமிருந்து வரணும், அவுக பாத்துரட்டும்னு சொன்னேன். மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்ற வரைக்கும் தெறந்தேதான் வச்சிருந்தோம்."

அன்று அந்த நேரம் அப்பா சட்டை போட்டுக்கொண்டு, கேதம் சொல்ல யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.