விட்ட படி

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் போக பஸ் இருக்கிறது, ஜீப் இருக்கிறது, படிக்கட்டும் இருக்கிறது. எனக்குப் படிக்கட்டு என்று முடிவுசெய்தவர் என் மாமியார். மகனுக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தால், மருமகள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுவாள் என்று என்னைக் கேட்காமலே வேண்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது.

"குனிஞ்சிக்கினே போ. ஒரு படி உட்டாலும் பலிக்காது" என்று சொல்லிவிட்டு மகனோடு பஸ் ஏறினார். ஜன்னல் சீட்.

மூவாயிரத்துச் சொச்சம் படி. பாதியிலேயே இடுப்பு கழன்றுபோனது. அப்போது மாமியாரிடமிருந்து போன் வந்தது. "நாங்க துன்னுட்டோம். நீ மெதுவா வா."

அடுத்த படியை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஏறினேன்.

சில மாதங்களில் என் கணவருக்கு அந்த வேலை போனது. "எதனா படிய உட்டியா?" என்று மாமியார் கேட்டார். ஒன்றை விட்டேன், எது என்று நினைவில்லை என்றேன். நன்றாகவே நினைவிருந்தது. அப்படியானால் எல்லாப் படிக்கும் மறுபடி வைத்தாக வேண்டும். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம், என்னை ஏறச் சொல்ல முடியாது. முட்டிவலியோடு மாமியாரே முதல் படியில் குனிந்தார்.

நான் பஸ்ஸில் போனேன். ஜன்னல் சீட்தான். மேலே சாப்பிட்டுக் கை கழுவியதும் அவருக்குப் போன் செய்தேன்.

"நான் துன்னுட்டேன் அத்தை. நீங்க மெதுவா வாங்க."