லோ வோல்டேஜ் உதயகுமார்

பஞ்சாங்கம் பார்த்து ஒத்திகை நடத்திய ராக் பேண்டு உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை மைசூரில் 'லோ வோல்டேஜ்' என்று ஒரு குழு இருந்தது, அதில் நான்தான் பாடினேன் என்று சொன்னால் என் மகளே நம்புவதில்லை. ரேஷன் கார்டில் பேர் திருத்த வரிசையில் நிற்கிற அம்மா மேடையேறிக் கத்தினாள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போகட்டும். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, எங்கள் டிரம்மர் உதயகுமாரைப் பற்றி.

ஆரம்பத்தில் மூன்று பேர். என் பெரியப்பா பிள்ளை வாமன் கிடார். மண்டி மொஹல்லாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த கணேஷ்குமார் பேஸ் கிடார். ஆம்ப்ளிஃபயரையும் அவனே செய்தான். கோதா என்கிற நான் பாட்டு. கணேஷ் கடை இருந்த சந்தில் சாயங்காலமானால் பல்பு மஞ்சளாகி அழும், ஆம்ப்ளிஃபயர் முனகும். பேர் அப்படித்தான் வந்தது. டிரம்மர் மட்டும் கிடைக்கவில்லை. டிரம்ஸ் வைத்திருந்த இரண்டு காலேஜ் பையன்களும் எங்களைப் பார்த்த பார்வையிலேயே திரும்பி வந்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்ட் செட் வந்தது. தோளில் நிற்காத சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒல்லியாக ஒருவன் சின்ன டிரம் வாசித்தான். டிரம்பெட்காரர்கள் மூச்சு வாங்குகிற இடங்களில் எல்லாம் எதையாவது ஒன்றை உருட்டி நிரப்பினான். ஒரு தடவை செய்ததை மறு தடவை செய்யவில்லை, ஒவ்வொன்றும் புதுசு. வாமன் என் கையைக் கிள்ளினான்.

"நோடு கணே, ஆள் கெடச்சாச்சு." அவன் பேச்சில் கன்னடம் கலந்து வரும், 'பாருடி' என்பதைத்தான் அப்படிச் சொன்னான்.

ஆமாம், அவனைக் கண்டுபிடித்தவனே வாமன்தான். இதை நான் பல வருஷம் யாரிடமும் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

உதயகுமாருக்கு அப்போது இருபது வயது. அப்பா வேலாயுதம், தமிழ் பேசுகிற எல்லையோர ஊரான மார்டள்ளியிலிருந்து வந்த கொத்தனார். அம்மா பொன்னம்மா அதே கட்டடங்களில் சித்தாள். கல்யாணம் இருக்கிற நாளில் பேண்ட் செட், இல்லாத நாளில் அப்பாவோடு கலவை சுமக்கிற வேலை. எங்களோடு வாசிக்கிறாயா என்று கேட்டபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உக்காந்துக்கிட்டு வாசிக்கறதுங்களா அம்மணி?"

"ஆமாம், ஸ்டூல் போட்டு."

"நாலு வருசமா நடந்துக்கிட்டேதானுங்க வாசிக்கறேன். உக்காந்தா மாஸ்டர் வைவாருங்க."

சிரித்தான். எனக்கு அவனை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. அம்மணி என்று என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதும் இல்லை.

டிரம்ஸ் வாங்குகிற யோக்யதை எங்களுக்கு ஏது? பேண்ட் செட்டில் தோல் மாற்றிய பழைய பெரிய டிரம்மைக் குறுக்கே படுக்க வைத்தோம். உருண்டு ஓடாமலிருக்க இரண்டு பக்கமும் வேலாயுதம் கொடுத்த செங்கல். காலால் அடிக்கிற பெடல், ஸ்கூட்டர் பிரேக்கை வைத்து ஒரு மெக்கானிக் செய்து கொடுத்தது. ஒத்திகை கணேஷ் கடையின் மாடியில். உதயாவுக்கு முகூர்த்த நாளில் வர முடியாது என்பதால் நான் வீட்டில் பஞ்சாங்கத்தைப் புரட்டி, முகூர்த்தம் இல்லாத சாயங்காலங்களைக் குறித்துக்கொண்டு வருவேன். என் அப்பா செலுவநாராயணன் இதைப் பார்த்துவிட்டார்.

"என்னடி கோதா, முகூர்த்த நாளெல்லாம் தேடறாய்?"

மகளுக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நானும் மறுக்கவில்லை. ஊரே சுபகாரியம் செய்யாத ஆஷாட மாசம்தான் எங்களுக்கு அறுவடைக் காலம். வெளியே மழை, உள்ளே தினமும் மூன்று மணி நேரம். எங்கள் சொந்தப் பாட்டு ஏழில் ஐந்து ஆஷாடத்தில் பிறந்தவை. அந்த மழையும், கீழே ஹோட்டலிலிருந்து வரும் பஜ்ஜி வாசனையும், செங்கல் நகர்ந்துவிட்டதென்று பாட்டின் நடுவில் உதயா குனிந்து சரி செய்வதும் — இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. அதற்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் படித்தாலும் பரவாயில்லை, உண்மை அதுதான்.

உதயாவிடம் ஒரு குறை இருந்தது. ஒன் டூ த்ரீ ஃபோர் என்று எண்ணி ஆரம்பிக்க அவனுக்கு வராது. பேண்ட் செட்டில் மாஸ்டரின் தொப்பியைப் பார்த்தே வாசித்துப் பழகியவன், இங்கே என் பின்னந்தலையைப் பார்த்து வாசித்தான். நான் தலையை அசைத்தால் ஆரம்பம், நிமிர்த்தினால் முடிவு. கூந்தல் ஈரமாக இருந்து நான் தலையை உதறினால் அவன் பாட்டையே ஆரம்பித்துவிடுவான். எனக்குச் சிரிப்பு, வாமனுக்கு எரிச்சல்.

மூன்றாவது வருஷம் ஒரு காலேஜ் மைதானத்தில் பெரிய போட்டி அறிவித்தார்கள். ஜெயித்தால் பெங்களூரில் கேசட் பதிவு செய்யலாம். வாமன் ஒரு பெங்களூர் டிரம்மரைப் பேசி வைத்துவிட்டு வந்தான்.

"உதயா வேண்டாம் கணே. பெரிய மேடைல மானம் போயிடும்."

நான் சண்டை போட்டேன். கடைசியில் இந்தப் போட்டி மட்டும் உதயா, சரியாக வந்தால் அவனே நிரந்தரம், இல்லாவிட்டால் பெங்களூர்காரன் என்று முடிவாயிற்று. அதை உதயாவிடம் நானே சொன்னேன்.

"உட்ருவனுங்களா அம்மணி? அந்த எடம் எனக்கு வேணுமுங்க," என்றான். பிப்ரவரி, கல்யாண சீசன் உச்சத்தில் இருந்தது. மாஸ்டர் திட்டத் திட்ட ஒரு பெரிய கல்யாணத்தை விட்டுவிட்டு வந்தான்.

இறுதிச் சுற்றில் நான்கு குழுக்கள். சாயங்காலம் நான்கு மணி வெயில். முதல் இரண்டு பாட்டு நாங்கள் வாசித்ததிலேயே சிறந்தது. கூட்டம் எழுந்து ஆடியது. மூன்றாவது பாட்டின் நடுவில், உதயா தனியாக உருட்டிக்கொண்டு போகிற இடத்தில், டிரம் சட்டென்று நின்றது.

திரும்பிப் பார்த்தேன். உதயா குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டூலை விட்டு எழுந்து நின்றிருந்தான். மதில் சுவருக்கு அந்தப்பக்கம் ரோட்டில் ஒரு பாடை போய்க்கொண்டிருந்தது, முன்னால் தமட்டை அடித்துக்கொண்டு. எதிரே சாவு வந்தால் எப்பேர்ப்பட்ட கல்யாண ஊர்வலமானாலும் பேண்ட் செட் வாத்தியத்தை நிறுத்திவிடும். அது கடந்து போன பிறகுதான் வாசிப்பார்கள். அது அவர்கள் வழக்கம். அவன் யோசித்துச் செய்யவில்லை, கை தானாக நின்றுவிட்டது.

ஒரு நிமிஷம் இருக்கும். வாமன் கிடாரைத் தூக்கிக்கொண்டு அவன் அருகே போய்க் கத்தினான். பாடை திரும்பி மறைந்ததும் உதயா உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பிசகாமல் பிடித்தான். நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஆனால் நாங்கள் நான்காவது இடம்.

உதயா டிரம்மைக் கழற்றினான், வண்டியில் ஏற்றினான், செங்கல்லைக்கூட மறக்காமல் எடுத்து வைத்தான். அடுத்த ஒத்திகைக்கு வரவில்லை. நான் ஆள் அனுப்பினேன், அப்போதும் வரவில்லை. பெங்களூர்காரன் நான்கு மாதம் இருந்தான். லோ வோல்டேஜ் அணைந்துபோயிற்று.

எல்லாரையும் விட்டுவிட்டு நான் வாமனைப் பிடித்துக்கொண்டேன். நீ மேடையில் அவனை அவமானப்படுத்தினாய், அதனால்தான் போனான் என்று வீட்டுப் பெரியவர்கள் முன்னால் சண்டை போட்டேன். அதோடு அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினேன். சிராத்தத்தில் பார்த்தால் எப்படி இருக்கே, அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷம்.

உதயாவோடு மட்டும் தொடர்பு போகவில்லை. அவன் பிறகு சொந்தமாக பேண்ட் செட் வைத்தான், மாஸ்டர் ஆனான், பன்னிரண்டு பேருக்குச் சோறு போட்டான். என் கல்யாணத்துக்கு அவன்தான் முன்னால் நடந்து வாசித்தான். எங்கே பார்த்தாலும் "நல்லா இருக்கீங்களா அம்மணி" என்பான். நான் ஒவ்வொரு தடவையும் வாமனைத் திட்டுவேன். உதயா பேச்சை மாற்றிவிடுவான்.

போன மாதம் கணேஷ்குமார் ஒரு கேசட் கொண்டு வந்தான். போட்டி அன்றைக்கு மைக்செட்காரர் பதிவு செய்தது. பழைய சாமான்களில் கிடைத்ததாம். மகளுக்குக் காட்டிவிடலாம் என்று ஆசை ஆசையாகப் போட்டேன். உதயா உருட்டுகிறான், நிற்கிறான். தூரத்தில் தமட்டை. வாமன் என்னவோ கத்துவது மங்கலாகக் கேட்கிறது, ஒரு வார்த்தை புரியவில்லை. அப்புறம் மைக்கில், தெளிவாக, ஒரு பெண் குரல்.

"பேண்ட் செட்டுக்காரனைக் கூட்டிண்டு வந்து உக்கார வெச்சா இப்படித்தான் ஆகும்! சாவுக்கு வாசிக்கறவன்தானே!"

கூட்டத்தில் தமிழ் தெரிந்த இரண்டு மூன்று பேர் சிரிக்கிறார்கள். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் கேசட்டை நிறுத்தினேன்.

சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பது எவ்வளவு வசதியான விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் மண்டி மொஹல்லாவில் உதயாவின் பேண்ட் செட் ஆபீஸுக்குப் போனேன். எழுந்து நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை.

"உதயா, அன்னிக்கு மைக்ல கத்தினது நான்தான்னு உனக்குத் தெரியுமா?"

"மூணு வருசம் உங்க பின்னாடி உக்காந்து வாசிச்சனுங்க அம்மணி. உங்க குரல் எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்போ நான் வாமனைத் திட்டறப்பல்லாம் ஏன் சொல்லலை?"

"நீங்களா ஒரு நாள் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. அப்பறம், உங்களுக்கு மறந்தே போச்சுன்னு தெரிஞ்சுது. வாமன் சார் குச்சியப் புடுங்க வந்தாரு, வஞ்சாரு. அது கோவமுங்க, நான் பெருசா எடுத்துக்கல. நீங்கதானுங்க எனக்காகச் சண்டை போட்டவங்க. என்னைய எங்க வெச்சிருந்தீங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

மன்னிச்சுக்கோ உதயா என்றேன். அவன் தலையை ஆட்டினான், பையனை அனுப்பாமல் தானே போய்க் காபி வாங்கி வந்தான். என் வீட்டுக்காரரைப் பற்றி, மகளின் படிப்பைப் பற்றி எல்லாம் விசாரித்தான். பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை.