நிற்காமல் போன கப்பல்

நடந்தவை:

1. யுத்த காலத்தில் அரபிக்கடலில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக இரண்டு சிறு போர்க்கப்பல்கள் போயின.
2. முன்னால் போன காவல் கப்பலை நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது.
3. பின்னால் வந்தது, நீரில் கிடந்தவர்களுக்காக நிற்கவில்லை.
4. மூழ்கியதில் கரமனை ராமன் இருந்தார். நிற்காததில் அவருடைய சிநேகிதரான என் அண்ணன் இருந்தார்.
5. ராமன் வீட்டுக்கு அண்ணன் ஒருநாளும் போகவில்லை. 1950 பிப்ரவரியில் நான் போனேன்.

காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். திருவனந்தபுரத்துக்கு நாற்பத்திரண்டு மைல். டிக்கெட் ஒன்றரை ரூபாய். சென்னையில் ரேடியோப் பொறியியல் படித்து அங்கேயே வேலை பார்க்கிறேன். இந்தச் சாலை எனக்குப் புதிது. தக்கலை தாண்டியதும் ரப்பர் மரங்கள். நெய்யாற்றின்கரையில் பலாக்காய்கள் ஏறின. ஒன்று என் மடிக்கே வந்தது.

"கரமனைக்கோ? பாலம் கடந்ததும் எறங்கணும் கேட்டோ," என்றார் கண்டக்டர். "சக்கையெ விட்டுட்டுப் போங்கோ. அது சாலைச் சந்தைக்காக்கும்!"

ஒன்பதரைக்கு இறங்கினேன். அக்ரகாரத்தில் ஒட்டி ஒட்டி வீடுகள். வருவதாக முன்பே எழுதியிருந்ததால் ராமனின் தந்தை கிருஷ்ணய்யர் வாசலிலேயே நின்றிருந்தார். ராமனின் மனைவி விசாலம் காப்பி கொண்டு வந்தார். நெற்றியில் குங்குமம்.

நான் உட்காருமுன்பே பெரியவர் கேட்டார்: "உன் அண்ணா கப்பல்தானே பின்னாடி வந்தது? அது பத்திரமா கரைசேந்துதுன்னு அறிஞ்சேன். பின்னெ இவனெ எடுக்காமெ விட்டிருப்பாளோ? ஏதோ துறைமுகத்துலெ எறக்கியிருப்பா. ஓர்மை தப்பி, பேரு ஊரு மறந்து எங்கேயோ இருக்கான்."

மகனுக்கு இதுவரை அவர் ஈமக்கடன் செய்யாததற்குக் காரணம் இதுதான். அத்தனை வருஷமும் அவர் நம்பியிருந்தது என் அண்ணனின் கப்பலை.

"அது நிக்கல, ஐயா. நின்னா அதையும் அடிச்சிருப்பான். நிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"காவலுக்குன்னு போன கப்பலாக்கும்!"

"சரக்குக் கப்பலுக்குத்தான் காவல்."

விசாலம் கேட்டார்: "அவரெ உங்க அண்ணா கண்டாரா?"

"கண்டார். நீந்திட்டிருந்தாராம். கையைத் தூக்கினாராம். மறுநாள் தேடிப் போனப்போ அங்க யாரும் இல்ல."

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றார் விசாலம். "அப்பாட்டெ சொல்லத்தான் ஒரு ஆள் வேண்டியிருந்தது."

காப்பி ஆறிவிட்டது. பெரியவர், "உன் அண்ணனெ வரச்சொல்லு," என்றார்.

"திட்டணும்னா என்னைத் திட்டுங்க, ஐயா."

"திட்டறதுக்கில்லெ, குட்டி. உடம்பு இல்லியே. தர்ப்பையிலெ உருவம் பண்ணித்தான் கொள்ளி வைக்கணும். கடைசியாக் கண்டவன் பக்கத்துலெ நிக்கட்டும்."

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். யுத்தம் முடிந்து அண்ணன் வந்த நாளில் எங்கள் தெரு முழுவதற்கும் பாயசம் கொடுத்தோம். கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த அமாவாசைக்குக் கரமனை ஆற்றங்கரையில் காரியம். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை.