சிக் ரிப்போர்ட் போகாத ஏகாம்பரம்

செய்தி வந்தபோது நான் பாதி முகம் சவரம் செய்திருந்தேன். நம் பாய்லர் ஷெட் ஜப்பார் பாய் வாசலில் வந்து நின்றார். சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட இல்லை. "கன்னியப்பா, நம்ம ஏகாம்பரம் பூட்டாருபா. காத்தால, வூட்லயே" என்றார். நான் "சரி பாய்" என்றேன். மீதிப் பாதியையும் மழித்தேன். முகம் கழுவினேன். சட்டைக்குப் பித்தான் போட்டேன். என் மனைவி தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ராயபுரத்திலிருந்து ஏகாம்பரத்தின் வீடு இருக்கும் கொருக்குப்பேட்டை வரை ஜப்பார் பாயின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் எதையெல்லாம் கடந்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நம் ஆலை வாசகசாலைக்காரர்கள் இரங்கல் எழுதித் தரச் சொன்னார்கள். 'அவர், இவர்' என்று மரியாதையாக எழுத வேண்டும் என்றும் சொன்னார்கள். எனக்குக் கை வரவில்லை. துறைமுகத்தில் என் தலைக் கரிக்கூடையை அவனும் அவன் தலைக் கூடையை நானும் தூக்கிவிட்ட நாளிலிருந்து அவன் எனக்கு அவன்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர் ஆலையில் அவனைப் பார்த்த உங்களுக்கு அவனுடைய கோபம் தெரியாது. குரலை உயர்த்தாத மனிதனைத்தான் உங்களுக்குத் தெரியும். நான் பார்த்த ஏகாம்பரம் வேறு. கரி இறக்கும்போது மேஸ்திரி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதற்காகக் கூடையோடு சேர்த்து அவரையும் கரிக்குவியலில் கவிழ்த்தவன் அவன். அவர்கள் தெருவில் சத்தம் கேட்டால் போதும், "எம்புள்ள எங்க கீறான் பாரு" என்று அவன் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவருவாள். பெரும்பாலும் சண்டையின் நடுவில்தான் இருப்பான்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. கப்பல் வரத்து குறைந்து எங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பட்டாளத்தில் மூன்று வேளையும் சோறு என்று யாரோ சொன்னார்கள். தேசத்துக்காகப் போனோம் என்று நான் இங்கே எழுதினால் அவன் சிரிப்பான். சோற்றுக்குத்தான் போனோம். போன இடத்தில் சப்பாத்தி போட்டார்கள்.

வடக்கே ஒரு கண்டோன்மென்டில் எங்களுக்குப் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் ஒரு பஞ்சாபி ஹவில்தார். உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். விடியற்கருக்கலில் ஊதல் ஊதும். போர்வையை மடித்தால் ஓரம் கத்தி மாதிரி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கட்டிலோடு சேர்த்து வெளியே வீசிவிட்டு மறுபடி மடி என்பார். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஏன் என்று கேட்டால் இன்னொரு சுற்று. முதல் வாரம் ஏகாம்பரம் போர்வைக்குள் அழுதான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் விழித்துக்கொண்டு அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் அணிவகுப்பில் அவன் பூட்ஸில் புழுதி இருந்தது. உஸ்தாத் அவன் முகத்துக்கு நேரே நின்று, அவன் தாயைச் சேர்த்து ஒரு வசவு சொன்னார். அதற்குள் எங்களுக்கு அந்த அளவு இந்துஸ்தானி புரியும். இவன் கை வைப்பான், இவனைப் பிடித்து உள்ளே தள்ளப் போகிறார்கள், ஊருக்குப் போய் இவன் அம்மாவிடம் நான் என்ன சொல்வேன் என்றுதான் நினைத்தேன். அவன் அசையவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. உஸ்தாத் சற்று நேரம் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டார். சாப்பாட்டு வரிசையில் அவனிடம் கேட்டேன். "கை எயுந்துச்சு மாமு. நான்தான் வாணாம்னேன்" என்றான். அதைச் சொன்னபோது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதுவரைக்கும் அவனும் அவன் கையும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

கண்டிப்பு என்றால் அடிப்பது, கத்துவது என்று சிலர் நினைக்கிறார்கள். கத்தலால் நாங்கள் யாரும் திருந்தவில்லை. பிடிக்காத ஒரு காரியத்தை, உடம்பு வேண்டாம் என்று கெஞ்சும்போது, நேற்று செய்த மாதிரியே இன்றும் செய்ததால் வந்தது அந்தக் கட்டுப்பாடு. கோபமும் பயமும் போய்விடவில்லை. ஆனால் அவை சொன்னபடியெல்லாம் ஆட வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டது. பட்டாளம் எங்களுக்குக் கொடுத்ததில் பெரியது அதுதான்.

அங்கே இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். காலை அணிவகுப்பில், உடம்பு சரியில்லாதவன் வரிசையை விட்டு வெளியே வந்து நிற்கலாம். அதற்கு சிக் ரிப்போர்ட் என்று பெயர். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் தண்டனை. முதுகில் மணல் மூட்டையைக் கட்டி வெயிலில் நடக்க விடுவார்கள். அதனால் காய்ச்சலோடு நிற்பானே தவிர, எவனும் வெளியே வரமாட்டான். ஒரு நெடு நடையில் ஏகாம்பரத்தின் குதிகால் கிழிந்து பூட்ஸுக்குள் ரத்தம் சொதசொதவென்று ஆகிவிட்டது. அவன் நொண்டுவதை உஸ்தாத் பார்த்துவிட்டார். "பைர் ஹை?" என்றார். கால் இருக்கிறதா என்று அர்த்தம். "ஹை, உஸ்தாத்." "தோ சல்." இருக்கிறதல்லவா, அப்படியானால் நட. நடந்தான். முகாமுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியபோது தோல் சாக்ஸோடு வந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்குள்ளும் வலி என்பது பேசுகிற விஷயமாக இல்லை.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, இரண்டு பேரும் இந்த ஆலையில் பாய்லர் ஷெட்டில் சேர்ந்தோம். நீராவிக் குழாய் வெடித்த நாளில் உங்களில் பலர் ஷெட்டில் இருந்தீர்கள். எதிரில் நிற்கிறவன் தெரியாத வெள்ளைப் புகை. கத்தல். எல்லாரும் அந்த ஒரே ஒரு குறுகல் வாசலுக்குப் பாய்ந்தோம். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் ஒருவரையொருவர் மிதித்தே கொன்றிருப்போம். அப்போது அவன் குரல் கேட்டது. "ஓடாத! நட! காலு கீதுல்ல? அப்போ நட!" அந்தக் குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. முன்னால் போகிறவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தோம். எல்லாரும் வந்த பிறகு அவன் ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினான். ஜப்பார் பாய் தரையில் உட்கார்ந்து, "இன்னா மனுசன்யா இவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவனுடைய வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது. மறுநாள் வாழையிலையைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டான். லீவு எடுத்துக்கொள், டாக்டரைப் பார் என்று மேனேஜர் சொன்னார். "தோலுதானே சார், வளரும்" என்றான். ஷெட் முழுக்கச் சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் பட்டாளத்து ஆள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அவன் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது கட்டிலில் மல்லாந்து கிடந்தான். சவரம் செய்த முகம். போர்வை மடித்து வைத்திருந்தது. ஒரு காலில் பூட்ஸ் போட்டுக் கயிறு கட்டியிருந்தது. இன்னொரு பூட்ஸ் பளபளவென்று தரையில் இருந்தது. கழற்றுவதா, மற்றதையும் போடுவதா என்று தெரியாமல் உறவுக்காரர்கள் நின்றார்கள். நான் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது. நன்றாகத்தான் கட்டியிருந்தான். மேளக்காரர்கள் வந்தார்கள், பூ வந்தது, மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போனோம், வந்தோம். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். என்னைப் பார்த்தவர்கள், திடமான மனசு என்று சொன்னார்களாம்.

பால் தெளித்த மறுநாள் அவன் மனைவி பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். அன்று காலை நடந்ததை அவள் சொன்னாள். "சட்ட ஃபுல்லா தொப்பலா நனைஞ்சி கீதுண்ணே. இன்னாயா இப்டி வேர்க்குதுன்னு கேட்டேன். புழுக்கம்னு சொல்றாரு. மார்கழி மாசம்ணே! நான் போத்திகினு கீறேன், அந்தாளு புழுக்கம்ன்றாரு. தண்ணி எட்த்தாறதுக்குள்ள சாஞ்சிட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். நெஞ்சு வலிக்குதுன்னு உங்களாண்டயாவது சொன்னாரா?"

ஆமாம் என்றால், பெண்டாட்டியிடம் சொல்லாததைச் சிநேகிதனிடம் சொன்னானா என்று ஆகும். இல்லை என்றால், யாரிடமும் சொல்லாமல் ஒண்டியாக வைத்துக்கொண்டு செத்தான் என்று ஆகும். எது அவளை அதிகம் வருத்தும் என்று எனக்குத் தெரியவில்லை. "இல்லம்மா. என்னாண்டயும் சொல்லல" என்றேன். உண்மை அதுதான்.

"அப்போ சரி" என்றாள். "உங்களாண்ட சொல்லிட்டு என்னாண்ட மறைச்சிட்டாரோன்னு அதான் பேஜாரா இருந்துச்சு." அதன் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை உண்டு. கூட்டம் ஓடும்போது நடப்பேன். கை எழுந்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தெரியும். இவற்றைப் பட்டாளம் கற்றுக்கொடுத்தது, செய்து காட்டியவன் ஏகாம்பரம். சாகும்வரை விடமாட்டேன். அந்த உஸ்தாத் எங்கே இருந்தாலும் அவருக்கு என் சலாம்.

பாக்கியத்தின் வீட்டிலிருந்து ராயபுரத்துக்கு நடந்தே வந்தேன். என் வலது விலாவுக்குக் கீழே சில மாதங்களாக ஒரு வலி உண்டு. மாடிப்படி ஏறினால் பிடித்துக்கொள்ளும். தனத்துக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"இன்னாயா?" என்றாள்.

"வலிக்குது" என்றேன்.

அந்த வார்த்தையைக் கடைசியாக எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. தனம் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கயா?"

அவள் கையைப் பிடித்து, வலித்த இடத்தில் வைத்தேன்.